மலை முதலாளியின் கையெழுத்து

பனிமலை, கனடா
1 ஜூன் 2025

அன்பு மகள் நாஜியாவுக்கு உன் சாச்சா ஹபீப் முஹம்மது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கூனிமேட்டில் உனக்கும், உன் அம்மா மெஹரூன்னிசாவுக்கும், உங்கள் இருவரையும் வைத்துக் காப்பாற்றுகிற உன் மாமா உபைதுக்கும், ஈ.சி.ஆர். ரோட்டில் இருக்கிற அவர் மளிகைக் கடைக்கும் அல்லாஹ் ஒரு குறையும் வைக்காமல் இருக்கட்டும். என் சுகத்தைப் பற்றிக் கேட்காதே. சொன்னால் கண் பட்டுவிடும்.

இன்னும் போன் வாங்கவில்லையா என்று கேட்பாய். ஏப்ரலில் என் போனைக் கரடி வாங்கிக்கொண்டு போனதிலிருந்து எனக்கு அந்தச் சாமான் மேலேயே வெறுப்பாகிவிட்டது. கரடியும் பாவம், இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு டவர் கிடைக்காமல் எறிந்துவிட்டதாம். கடிதம்தான் கௌரவம். பெரிய மனிதர்கள் எல்லாம் கடிதம்தான் எழுதுகிறார்கள்.

இங்கே பனி முழுக்க உருகிவிட்டது. நம் மரக்காணத்தில் உப்பு அம்பாரம் குவித்து வைப்பார்களே, அது மாதிரி வெள்ளையாக நின்ற மலை இப்போது பச்சை. அது ஆள் உயரம், இது ஆகாசத்தை முட்டுகிற உயரம். விமானமே இந்த மலை வந்தால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போகும். நானே பைலட்டுக்குக் கை காட்டியிருக்கிறேன்.

குளிர்காலத்தில் காலில் பலகை கட்டிக்கொண்டு சறுக்க வருகிறவர்கள் வெயில் காலத்தில் சும்மா இருப்பார்களா? தட்டு எறிய வந்துவிட்டார்கள். நீ குயிலாப்பாளையத்துப் பெண்களோடு பீச்சில் எறிவாயே பிரிஸ்பீ, அதற்கு இது சித்தப்பா மகன். அளவில் சின்னது, ஓரம் கூர்மை. லிப்டில் தொங்குகிற நாற்காலியில் உட்கார்ந்து உச்சிக்குப் போக வேண்டும். அங்கிருந்து கீழே வரை, சறுக்குகிற சரிவெல்லாம், பதினெட்டு இடத்தில் இரும்புக் கூடை நட்டிருக்கும். கூடைக்கு மேலே சங்கிலி தொங்கும். தட்டைக் கூடைக்குள் விழ வைத்து விழ வைத்து இறங்கி வர வேண்டும். சங்கிலியில் பட்டால் ஒரு சத்தம் வரும் பார், வளையல் கடைக்குள் பூனை பாய்ந்த மாதிரி.

போன ஞாயிறு பெரிய போட்டி. முதலாளி என் தோளில் கை போட்டு, "ஹபீப், நீ எறியவில்லை என்றால் நான் போட்டியை நிறுத்திவிடுவேன்" என்றார். சரி, பிழைத்துப் போகட்டும் என்று இறங்கினேன். ஏழாவது கூடைக்கு நான் எறிந்ததை இந்த ஊர் மறக்காது. வலது கையால் ஒரு வீச்சு. தட்டு மரத்துக்கு மேலே போனது, ஒரு கழுகைச் சுற்றியது, கடைசியில் அழகாக வலது பக்கம் வளைந்து கூடையில் உட்கார்ந்தது. எல்லோருடைய எண்ணிக்கையையும் கூட்டிப் பார்த்தால் மற்றவர்களுக்கு அறுபது, அறுபத்திரண்டு. எனக்கு நூற்றுப் பதினான்கு! கைதட்டல் நிற்க அரை மணி நேரம் ஆனது.

லிப்டில் எனக்கென்று தனி நாற்காலி, நாற்பத்தேழாம் நம்பர். வேறு ஆள் உட்கார்ந்தால் லிப்டை நிறுத்திவிடுவார்கள். மலை நம்முடையது மாதிரிதான், முதலாளி சும்மா பெயருக்கு.

உபைத் மச்சான் இதைக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டட்டும். கழுகு வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படிக்கச் சொல்.

சாச்சா
ஹபீப் முஹம்மது


கூனிமேடு
24 ஜூன் 2025

சாச்சாவுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தை மாமா கடையில் படித்தார். கழுகு வருகிற இடத்தில் நிறுத்தினார். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் இப்போது மலை உங்களுடையது.

எனக்கு மட்டும் இரண்டு சந்தேகம். நீங்கள் வலது கைக்காரர். வலது கையால் அப்படி வீசினால் தட்டு கடைசியில் இடது பக்கம்தான் சாயும். கழுகு இருந்தாலும் இல்லாவிட்டாலும். இன்னொன்று, அந்த ஆட்டத்தைக் குயிலாப்பாளையத்தில் மரத்தில் கூடை கட்டி நாங்களும் ஆடியிருக்கிறோம். குறைவாக எறிகிறவர்தான் ஜெயிப்பார். நூற்றுப் பதினான்கு என்றால் கடைசி ஆள்.

இதைச் சிரிப்பதற்காக எழுதவில்லை. எனக்கு நடந்தது உங்களுக்குத் தெரியாது.

மே மாதம் எங்கள் டீம் பீச்சில் ஆடியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். நான் பாய்ந்து தட்டைப் பிடிப்பது அதில் இருந்தது. முழுக்கைச் சட்டை, தலையில் துணி, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் பையன்களும் ஆடினார்கள். மாமா கடையில் ஒரு கஸ்டமர் போனில் அதைக் காட்டியிருக்கிறார். மாமா வீட்டுக்கு வந்து, "இனிமே தட்டு வேணும்னா கல்யாணம் கட்டிக்கினு சோத்துத் தட்ட எடு" என்றார். என் போன் அவர் பீரோவுக்குள் போனது. ஜூன் இரண்டாம் தேதி குயிலாப்பாளையத்துப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராகச் சேர வேண்டியவள் நான். அன்றைக்கு வீட்டு மாடியில் மிளகாய் காயவைத்தேன். கேட்டைத் தாண்டி ஒன்றரை மாதமாகிறது.

மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார்கள். பாண்டிச்சேரி, பெயர் ஹம்தான். துபாயில் வேலை போய் வந்திருக்கிறார். அவர்கள் என்னைத் தேடி வரவில்லை, கனடா மலைக்காரர் வீட்டுப் பெண்ணைத் தேடி வந்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அந்த ஆள் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "உங்க சாச்சா மலையில நாங்க தங்குற எடம் ஹீட்டர் வெச்சதா?"

அத்தா இல்லாத, அண்ணன் தம்பி இல்லாத பெண்ணுக்கு அத்தாவின் தம்பிதான் வலீ. நீங்கள் உங்கள் வாயாலோ கையெழுத்தாலோ கொடுத்தால்தான் நிக்காஹ். மாமா எவ்வளவு சத்தம் போட்டாலும் அம்மாவின் தம்பிக்கு அந்த உரிமை இல்லை. சம்மதம் கேட்டு அவர் உங்களுக்கு எழுதியிருப்பார், அல்லது எழுதுவார். சாச்சா, கொடுக்காதீர்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

இனி கடையின் முகவரிக்கு எழுத வேண்டாம். என்னோடு படித்த ஜெயப்ரியா இங்கே கிளை அஞ்சலகத்தில் வேலையில் இருக்கிறாள். அம்மாவுக்கு வந்த பதிவுத் தபாலைக் கொடுக்க வந்தபோது இதைக் கையில் கொடுத்தேன். அவள் பெயருக்கு எழுதுங்கள்.

நாஜியா


பனிமலை
14 ஜூலை 2025

என் சிங்கக்குட்டி நாஜியாவுக்கு,

கடிதம் நேற்று முன்தினம் கிடைத்தது. படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் மலையில் இருந்த மான்கள் எல்லாம் அடுத்த மாகாணத்துக்குப் போய்விட்டன.

முதலில் ஆட்டக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மலைமேல் சட்டம் வேறு. அங்கே தரையில் ஆடுகிறீர்கள், இங்கே உயரத்தில் ஆடுகிறோம். காற்று கீழேயிருந்து மேலே வரும், தட்டு போகிற பக்கமே தலைகீழாகும். இது அனுபவஸ்தர்களுக்குத்தான் தெரியும். இதோடு விடு.

உன் மாமாவுக்கு நான் யார் என்று தெரியவில்லை. இந்த வீட்டுப் பெண்ணின் போனைப் பீரோவில் வைக்க உபைத் யார்? நான் கிளம்பினால் சென்னை ஏர்போர்ட்டில் இறங்கி நேரே கூனிமேடு, கடை ஷட்டரை நானே இழுத்துச் சாத்திவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். ஆபீசில் லீவு சொல்லிவிட்டேன். முதலாளி, "ஹபீப், நீ இல்லாமல் ஆகஸ்ட் மாதம் மலை எப்படி நிற்கும்?" என்று கண் கலங்கினார். யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம். சின்ன விஷயம்தான், பதறாதே.

உன் மாமா மே மாதம் எழுதிய கடிதம் எனக்கு ஜூன் பத்தொன்பதாம் தேதி கிடைத்தது. அதில் அவர் எப்படி எழுதியிருந்தார் தெரியுமா? "குடும்பத்துக்கு மூத்தவராக, நாஜியாவின் வலீயாகத் தாங்கள் இருந்து" என்று. தாங்கள்! இருபது வருடம் உப்பு லாரியில் மூட்டை ஏற்றியவனைப் பார்த்து உன் மாமா தாங்கள் என்கிறார். உன் அத்தா இருந்தவரைக்கும் என்னை ஒருத்தரும் எதற்கும் கேட்டதில்லை, ஒரு பையனின் கத்னாவுக்கு நாள் குறிக்கக்கூடக் கேட்டதில்லை. நான் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தேன் என்று சொல்லமாட்டேன். நல்ல பேனாவாக ஒன்று வாங்கி, நல்ல தாளில், "என் அண்ணன் மகளை முழு மனதோடு ஹம்தானுக்குக் கொடுக்கிறேன், என் சார்பில் கொடுக்க உபைதை வக்கீலாக வைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளையை இங்கே அழைத்து மலையில் பாதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன் என்றும் ஒரு வரி சேர்த்தேன். தாள் கொஞ்சம் மீதி இருந்தது.

அது ஜூன் இருபது. நீ எழுதியது ஜூன் இருபத்து நான்கு. நாலு நாள்தான் வித்தியாசம். நீ இன்னும் கொஞ்சம் சீக்கிரம் எழுதியிருக்கலாம்.

ஆனால் நான் வந்து பேசினால் எல்லாம் சரியாகும். டிக்கெட் போட்ட மாதிரிதான்.

சாச்சா


கூனிமேடு
2 ஆகஸ்ட் 2025

உங்கள் நல்ல தாள் ஜூலை எட்டாம் தேதியே வந்துவிட்டது. மாமா அதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

சஃபர் மாதம் கழியட்டும் என்று நாள் தள்ளி, செப்டம்பர் பதினான்கு ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஹம்தான் வீட்டார் மண்டபத்தைவிட விசாவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். பாதி மலை எந்தப் பக்கத்துப் பாதி என்றுகூட அவருடைய அத்தா கேட்டார்.

நான் சீக்கிரம் எழுதியிருக்கலாம் என்கிறீர்கள். எழுதியதை யார் கையில் கொடுப்பது என்று ஐந்து வாரம் கேட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீங்கள் இதைப் படிக்கும்போது ஒரு தடவை அந்த ஐந்து வாரத்தை நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் வரமாட்டீர்கள். போன வருடம் அத்தா மௌத்தானபோதும் டிக்கெட் போட்டுவிட்டேன் என்றுதான் சொன்னீர்கள். பிறகு, கவர்னர் மலைக்கு வந்துவிட்டார், உங்கள் கையை விடவில்லை என்றீர்கள். ஜனாஸாவை எடுக்காமல் அஸர் தொழுகை வரைக்கும் வைத்திருந்தோம். அம்மா அதை நம்பினார்கள். நான் நம்புகிற மாதிரி இருந்தேன்.

நிக்காஹ் ரெஜிஸ்டரில் பெயர் எழுதப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்கு வந்தார். கதவுக்கு இந்தப் பக்கமிருந்து நானே கேட்டேன். "வலீ குடுத்த பொறுப்ப அவரே திரும்ப வாங்கிக்கலாமா, ஹஜ்ரத்?" மாமா இருமினார். ஹஜ்ரத், "நிக்காஹுக்கு முன்னால வரைக்கும் வாங்கிக்கலாம்மா. ஆனா வாய் வார்த்தை பத்தாது, எழுத்து வேணும்" என்றார்.

நானே மாட்டேன் என்று சொல்லலாம், உரிமை இருக்கிறது. சொன்னால் அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவும் நானும் ரோட்டில் நிற்போம். மாமா அதை அம்மாவிடம் சொல்லியே விட்டார். அம்மா அதிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நீங்கள் மாட்டேன் என்றால் கோபம் கடலைத் தாண்டிப் போகும். அதற்காகத்தான் உங்களைக் கேட்கிறேன். பெரிய மனிதர் என்பதற்காக இல்லை.

வெறுமனே மனம் மாறிவிட்டது என்று எழுதினால் மாமா உங்களுக்கு இன்னொரு "தாங்கள்" எழுதிச் சரிக்கட்டிவிடுவார். ஹம்தான் வீட்டாரே வேண்டாம் என்று எழுந்து போகிற மாதிரி எழுத வேண்டும். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது.

அங்கே உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள், சாச்சா?

நாஜியா


பனிமலை
21 ஆகஸ்ட் 2025

நாஜியா,

இது நான்காவது தாள். முதல் மூன்றும் பாதி வழியில் கெட்டுப்போயின. இரண்டாவதில் ஒரு மந்திரியே வந்துவிட்டார். கிழித்துப் போட்டேன்.

குளிர்காலத்தில் மலை அடிவாரத்து ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறேன். வெயில் காலத்தில் தொலைந்த தட்டு தேடுகிறேன். அதுதான் வேலை. காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கொக்கி வைத்த கம்பு, தோளில் சாக்கு. சரிவில் எறிகிற தட்டு லேசில் கீழே இறங்காது, மிதந்து மிதந்து போய்ப் புதரிலோ ஓடையிலோ விழும். எறிந்தவர் பத்து நிமிடம் தேடிவிட்டுப் போய்விடுவார். நான் நாள் முழுக்கத் தேடுவேன். கொசு மாதிரி ஒரு கறுப்பு ஈ இருக்கிறது, காதுக்குப் பின்னால் கடித்து இரத்தம் எடுக்கும். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. தட்டின் பின்னால் எல்லோரும் பெயரும் போன் நம்பரும் எழுதி வைத்திருப்பார்கள், தொலைந்தால் திருப்பித் தருவதற்கு. சாயங்காலம் கவுண்டரில் கொடுத்தால் போன் பண்ணி ஆளைக் கூப்பிட்டுத் தந்துவிடுவார்கள். என் பாஸ்போர்ட்டிலும் என் பெயர்தான் இருக்கிறது. மூன்று வருடமாக யாரும் என்னைக் கூப்பிட்டுத் தரவில்லை.

பாஸ்போர்ட்டை வந்த அன்றே வாங்கி ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றார்கள், நானும் தேங்க்யூ சொன்னேன். பெர்மிட்டில் இந்தக் கம்பெனி பெயர்தான் இருக்கிறதாம். வேறு இடத்தில் ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றமாம். மலைக்குக் கீழே ஊர் பன்னிரண்டு கிலோமீட்டர். பஸ் இல்லை.

நூற்றுப் பதினான்கு நிஜம்தான். போட்டியில் இல்லை. எல்லோரும் போன பிறகு, சாக்கில் இருந்த ஒரு மஞ்சள் தட்டை எடுத்து ஒன்றாம் கூடையிலிருந்து பதினெட்டு வரைக்கும் தனியாக எறிந்தேன். விரல் விட்டு எண்ணினேன். அதிகம் எறிந்தால்தான் வெற்றி என்று நினைத்தேன், சத்தியமாக. நீ எழுதிய பிறகுதான் தெரியும்.

நாற்பத்தேழாம் நம்பர் நாற்காலியும் நிஜம். ஏப்ரலில் மேலே சாமான் எடுத்துவரச் சொல்லி அதில் ஏற்றினார்கள். லிப்ட் ஓட்டுகிற கிரெக் நான் போனதை மறந்து மோட்டாரை நிறுத்திவிட்டு வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். பள்ளத்துக்கு மேலே மூன்று பனைமர உயரத்தில் தொங்கிக்கொண்டு இருந்தேன். போனை எடுத்தபோது விரல் மரத்திருந்தது, நழுவிவிட்டது. அது பனியில் குத்தி நின்றது தெரிந்தது. கத்தினேன். தமிழில் கத்தினேன், நாஜி. மூன்று மணி நேரம் கழித்து, சாவி மறந்து வைத்துவிட்டேன் என்று அவன் திரும்பி வந்தான். என்னைப் பார்த்துவிட்டு, "ஹபீப்! வாட் ஆர் யூ டூயிங் தேர்?" என்றான். மறுநாளிலிருந்து ஹோட்டலில் எல்லோரும் அந்த நாற்காலியை என் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

உன் அத்தா மௌத்தான செய்தி வந்த அன்று ஆபீசில் போய் பாஸ்போர்ட் கேட்டேன். "சீசன் முடியட்டும்" என்றார்கள். கவர்னர் வரவில்லை. அன்றைக்கு முந்நூறு பேர் சாப்பிட்டார்கள். எல்லாத் தட்டையும் கழுவினேன்.

ஏன் இப்படியெல்லாம் எழுதினாய் என்று கேட்பாய். வந்த புதிதில் கழுகு ஒன்று என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனதாக ஒரு பொய் எழுதினேன். அப்போது உன் அத்தா படுக்கையில். அதைக் கேட்டு அண்ணன் சிரித்தார், இரண்டு இட்லி சாப்பிட்டார் என்று உன் அம்மா எழுதினார்கள். அதற்கு மேல் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அண்ணன் போன பிறகும் தெரியவில்லை.

தனித்தாளில் ஜமாஅத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். அதை ஹஜ்ரத் கையில் சேர்த்துவிடு:

"கூனிமேடு ஜமாஅத்தார் சமூகத்துக்கு. நாஜியாவின் வலீயாகிய ஹபீப் முஹம்மது ஆகிய நான், ஜூன் 20 அன்று உபைதுக்குக் கொடுத்த பொறுப்பை இதன் மூலம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்த நிக்காஹுக்கு எனக்குச் சம்மதமில்லை. நான் மலை முதலாளி இல்லை, மேனேஜரும் இல்லை. பாத்திரம் கழுவுகிறேன். என்னால் யாரையும் இங்கே அழைக்க முடியாது. என்னையே இங்கிருந்து வெளியே அனுப்ப என்னால் முடியவில்லை. இவ்வளவு நாள் எழுதியது எல்லாம் பொய். மன்னிக்கவும்."

கடையில் படிப்பார்களே என்று கவரை இரண்டு தடவை ஒட்டிப் பிரித்தேன். பரவாயில்லை. படிக்கட்டும்.

சாச்சா


கூனிமேடு
13 செப்டம்பர் 2025

சாச்சாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கவர் செவ்வாய்க்கிழமை வந்தது. ஜெயப்ரியா ஜமாஅத்துத் தாளை நேரே பள்ளிவாசலுக்குப் போய் ஹஜ்ரத்திடம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டாள், பதிவுத் தபால் மாதிரி. நேற்று ஜும்ஆ முடிந்து மாமா வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். ஜமாஅத்தார், ஹம்தான், அவருடைய அத்தா. நானும் அம்மாவும் திரைக்குப் பின்னால்.

ஹஜ்ரத் ஒரு எழுத்து விடாமல் படித்தார். "பாத்திரம் கழுவுகிறேன்" என்ற இடம் வந்தது. மாமா சிரிக்க ஆரம்பித்தார்.

"பாத்திரம் கழுவுறானாம்! ஹபீபு! இந்த ஊர்ல அவன் குடிச்ச டீ கிளாச அவன் கழுவியிருப்பானா? ஏம்பா, யாராவது பாத்திருக்கீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சாச்சா, ஒருவர்கூட நம்பவில்லை. கரடியை நம்பினார்கள், கழுகை நம்பினார்கள், இதை நம்பவில்லை.

ஹம்தானின் அத்தா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து துண்டை உதறினார். "புரிஞ்சுது பாய். அவரு பெரிய எடம் பாத்துட்டாரு. நம்மளக் கழிச்சு வுடணும். நேரா சொன்னா மரியாதையா இருக்காதுன்னு இப்படி ஒரு கத கட்டி அனுப்பியிருக்காரு. மலைக்காரரு இல்லையா, ஆயிரம் யோசன வரும்."

மாமா அவர் கையைப் பிடித்தார். "பாய், உக்காருங்க. இத நான் சரி பண்றேன். அவனோட பழைய லெட்டர் லேமினேட் பண்ணியே வெச்சிருக்கேன். அத வெச்சி நாளைக்கு மறுநாள் ஓதிடலாம்."

அப்போதுதான் ஹஜ்ரத் பேசினார். "உபைத் பாய், இதுல எழுதியிருக்கிறது கதையா நெசமான்றது அல்லாஹ்வுக்குத் தெரியும். ரெண்டு தாள்லயும் கையெழுத்து ஒண்ணு. குடுத்தவரு திரும்ப வாங்கிட்டாரு. வலீ இல்லாம நான் ஓத மாட்டேன். லேமினேட் பண்ணாலும் ஓத மாட்டேன்."

அவர்கள் போய்விட்டார்கள். நாளைக்கு நிக்காஹ் இல்லை. மண்டபத்தில் போட்டிருந்த பந்தலைக் காலையில் பிரித்துவிட்டதாகத் தமிழ்வேந்தன் வந்து சொன்னார், பந்தல்காரர்.

நீங்கள் என்னைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று இதோடு முடித்துவிட ஆசையாக இருக்கிறது. அவர்கள் போனதும் மாமா திரைக்கு முன்னால் வந்து நின்றார். "இவளோட வலீயாம், அவரு சம்மதமாம். சரி. அந்தப் பெரிய மனுசனே நேர்ல வரட்டும். வந்து எங்க வேணா கூட்டிக்கினு போவட்டும். அவன் வர்ற வரைக்கும் இவ இந்த வாசப்படி தாண்டக் கூடாது." போன் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று ஜெயப்ரியா சொன்னாள். நீங்கள் அங்கிருந்து வெளியே வந்தால்தான் நான் இங்கிருந்து வெளியே வர முடியும். இப்போதைக்கு விஷயம் இவ்வளவுதான்.

அம்மா நேற்று சாயங்காலம் உங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்கினார்கள், எனக்கு எழுதிய கடிதத்தை. இரண்டு தடவை படித்தார்கள். பிறகு மூன்று மாதம் கழித்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "உங்க சாச்சா எழுதினதுல இது ஒண்ணுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வரல. நெசம்டி இது" என்றார்கள். அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து நான் எழுதுகிற இந்தத் தாளை எடுத்துக் கொடுத்தது அம்மாதான். ஆக இந்த ஊரில் உங்களை நம்புகிறவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் பெண்கள். ஒருத்தியிடம் மட்டும்தான் சைக்கிள் இருக்கிறது.

வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்காகச் சென்னையில் ஒரு அரசு அலுவலகம் இருக்கிறது. ஜெயப்ரியா லீவு போட்டுவிட்டு அங்கே போய் மனு கொடுப்பதாகச் சொல்கிறாள். அதற்கு வேண்டிய விவரம் எல்லாம் நீங்கள்தான் எழுத வேண்டும். பெயர், வயது, பாஸ்போர்ட் எண், என்ன வேலை, எங்கே படுக்கிறீர்கள், பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது, எத்தனை தடவை கேட்டீர்கள், என்ன சொன்னார்கள்.

சாச்சா, கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு மான்கூட வரக் கூடாது. ஒன்று கூடினாலும் அந்த ஆபீசில் இருப்பவர்களும் நேற்றைக்குக் கூடத்தில் சிரித்த மாதிரி சிரித்துவிட்டுத் தாளை ஓரமாக வைத்துவிடுவார்கள்.

நாஜியா


பனிமலை
4 அக்டோபர் 2025

நாஜியாவுக்கு,

பெயர் ஹபீப் முஹம்மது. வயது ஐம்பத்து மூன்று. ஏழாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன்.

பாஸ்போர்ட் எண் தெரியாது. கண்ணால் பார்த்து மூன்று வருடமாகிறது. ஜெராக்ஸ் ஒன்று உன் அத்தாவின் பெட்டியில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

வேலை, பாத்திரம் கழுவுவது, தொலைந்த தட்டு தேடுவது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். வாடகைக்கு விடுகிற பனிச்சறுக்குக் காலணிகளை அடுக்கி வைக்கும் அறைக்குப் பின்னால் படுக்கிறேன். ஜன்னல் இல்லை.

பாஸ்போர்ட் மேனேஜர் மேஜைக்குப் பின்னால் சாம்பல் நிற இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மூன்று தடவை கேட்டேன். முதல் தடவை அண்ணன் மௌத்தான அன்று. சீசன் முடியட்டும் என்றார்கள். இரண்டாவது ஜூலையில், உன் கடிதம் வந்த மறுநாள். பதில் சொல்லவில்லை. மூன்றாவது ஆகஸ்ட் இருபத்தேழு. அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். கம்பெனியின் முகவரியைக் கவரின் பின்பக்கத்தில் உள்ளபடி எழுதிக்கொள்.

யாரும் என்னை அடிக்கவில்லை. சாப்பாடு தருகிறார்கள். அதையும் எழுதிவிடு.

இன்று காலை பனி விழுந்தது. பதினெட்டுக் கூடையையும் பிடுங்கி ஷெட்டில் வைத்தோம்.

திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். கூட்டி எழுதியது ஒன்றும் இல்லை. விட்டது ஒன்று இருக்கிறது. எனக்கு இங்கே பயமாக இருக்கிறது, நாஜி. அப்படியெல்லாம் மனுவில் எழுதலாமா என்று ஜெயப்ரியாவைக் கேட்டுப் பார். எழுதலாம் என்றால் எழுதச் சொல்.

ஹபீப் முஹம்மது